நுண்ணறிவு அளவீட்டின் வரலாறு

ஒருவர் தம் வயதொத்தவர்களோடு ஒப்பிடும்போது சிந்தனை சார்ந்த பணிகளில் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை எண்ணாகச் சொல்லும் உளவியல் முறையே நுண்ணறிவு அளவீடு. எடைக்குக் கிலோ, நீளத்துக்கு மீட்டர் என்பது போல நுண்ணறிவுக்கு ஓர் அலகு கிடையாது. பூச்சியம் என்ற தொடக்கப் புள்ளியும் கிடையாது. எனவே ஐக்யூ (நுண்ணறிவு ஈவு) 140 உள்ளவர் 70 உள்ளவரைப் போல இருமடங்கு அறிவாளி என்ற பேச்சுக்குப் பொருளே இல்லை. அந்த எண் வரிசையில் ஓரிடத்தைத்தான் காட்டுகிறது. வரிசையில் யார் யார் நிறுத்தப்பட்டார்கள், அவர்களிடம் என்ன கேட்கப்பட்டது, எதற்காகக் கேட்கப்பட்டது என்பவை தெரிந்தால்தான் அதைப் படிக்க முடியும். இதை நினைவில் வைத்திருந்தபோதெல்லாம் நுண்ணறிவுச் சோதனை பயனுள்ள கருவியாக இருந்தது. எண்ணைப் பிறவிக் குணமாக எடுத்துக்கொண்டபோதெல்லாம் அது மனிதர்களுக்குத் தீங்கு செய்தது. இத்துறையின் நூறாண்டுக்கும் மேலான சான்றுகள் இந்த முடிவுக்கே இட்டுச் செல்கின்றன.

முதல் முயற்சி புலன்களை அளப்பதில் தொடங்கியது. சார்லஸ் டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன், மேதைமை குடும்பவழி வருவது என்று 1869-இல் ஒரு நூலில் வாதிட்டவர். கூர்மையான புலன்களே கூர்மையான அறிவுக்கு அடிப்படை என்று நம்பிய அவர், 1884-இல் லண்டன் சர்வதேச உடல்நலக் கண்காட்சியில் ஓர் அளவீட்டுக்கூடம் அமைத்தார். மூன்று பென்ஸ் கட்டணம் கொடுத்து ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே சென்றார்கள். பார்வை, செவித்திறன், கைப்பிடி வலு, எதிர்வினை வேகம் எல்லாம் அளக்கப்பட்டன. அமெரிக்காவில் ஜேம்ஸ் மெக்கீன் கேட்டல் இதே வழியில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களைச் சோதித்தார். 1901-இல் அவருடைய மாணவரான கிளார்க் விஸ்லர் அந்த அளவுகளை மாணவர்களின் கல்லூரி மதிப்பெண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டுக்கும் ஒட்டுறவு ஏறக்குறைய இல்லை என்று தெரிந்தது. கால்டனின் வழி அத்தோடு கைவிடப்பட்டது. ஆனால் மேதைமை ரத்தத்தில் ஓடுகிறது என்ற அவருடைய நம்பிக்கை மட்டும் கைவிடப்படவில்லை; அது அடுத்த கருவி வரும்வரை காத்திருந்தது.

அந்தக் கருவி பிரான்சில் பிறந்தது. அங்கே கட்டாயக் கல்விச் சட்டம் 1882-இல் வந்தபின், முன்பு பள்ளி வாசலையே மிதிக்காத குழந்தைகளும் வகுப்பறைக்கு வந்தார்கள். சிலரால் பாடத்தைத் தொடர முடியவில்லை. இவர்களைத் தனிக் கவனிப்புக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது? ஆசிரியரிடம் விட்டால், குறும்புக்காரப் பிள்ளையையும் காது சரியாகக் கேளாத பிள்ளையையும் ‘மந்தம்’ என்று ஒதுக்கிவிடும் அபாயம் இருந்தது. இதை ஆராய 1904-இல் அரசு அமைத்த குழுவில் உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே இடம்பெற்றார். மண்டையோட்டை அளந்து அறிவைக் கணிக்கும் வேலையை அவரும் ஒருகாலத்தில் செய்து பார்த்தவர்தான். வேறுபாடுகள் மிகச் சிறியவையாக இருந்ததையும், தாம் எதிர்பார்த்த பக்கமாகவே தம் கை சாய்வதையும் கண்டு அதை விட்டுவிட்டார். தம் இரண்டு மகள்களின் சிந்தனைப் போக்கை ஆண்டுக்கணக்கில் கவனித்த பழக்கம் அவருக்கு வேறொரு வழியைக் காட்டியது. தனித்தனிப் புலனை விட்டுவிட்டு, புரிந்துகொள்ளுதல், தீர்மானித்தல், நினைவில் கொள்ளுதல் போன்ற முழுமையான செயல்களைச் சோதிக்க வேண்டும் என்பதே அது.

தியோடோர் சிமோனுடன் சேர்ந்து 1905-இல் பினே வெளியிட்ட அளவுகோலில் 30 பணிகள் இருந்தன. எரியும் தீக்குச்சியைக் கண்ணால் பின்தொடர்வது முதல் பணி. மரத்துண்டையும் சாக்லேட்டையும் பிரித்தறிவது, மூன்று இலக்கங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது என்று ஏறிச் சென்று, அருவமான சொற்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை விளக்குவதில் அது முடிந்தது. 1908-இல் பணிகள் வயதுவாரியாக அடுக்கப்பட்டன. மூன்று வயதுக் குழந்தை தன் மூக்கையும் கண்ணையும் தொட்டுக் காட்ட வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை சதுரத்தைப் பார்த்து வரைய வேண்டும். ஒன்பது வயதுக் குழந்தை இருபது சூ நாணயத்துக்குச் சரியாகச் சில்லறை கொடுக்க வேண்டும். ஆறு வயதுக் குழந்தையிடம் இரண்டிரண்டு முகப் படங்களைக் காட்டி எது அழகு என்றுகூடக் கேட்டார்கள். ஒரு குழந்தை எந்த வயதுக்குரிய பணிகள்வரை முடிக்கிறதோ அதுவே அதன் மனவயது. சில்லறைக் கேள்வியும் முகக் கேள்வியும் பிரெஞ்சு நகர வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டவை என்பது பார்த்தவுடனே புரியும். பாரிஸ் குழந்தைகளை மற்ற பாரிஸ் குழந்தைகளோடு ஒப்பிட அது போதும். உலகத்துக்கே பொதுவான அளவுகோலாக அதை முன்வைக்கும் எண்ணம் பினேவுக்கு இல்லை. அறிவு என்பது கூடவோ குறையவோ முடியாத நிலையான அளவு என்ற கருத்தை அவர் 1909-இல் எழுதிய நூலில் வெளிப்படையாகக் கண்டித்தார். பின்தங்கிய குழந்தைகளின் கவனத்தையும் நினைவையும் வளர்க்கும் பயிற்சிகளையும் வகுத்தார். 1911-இல், 54 வயதில், அவர் இறந்தார். இத்துறையின் வரலாற்றில் அது பெரிய இழப்பு; அவருடைய அளவுகோல் கடல் கடந்தபோது தடுத்துப் பேச அவர் இல்லை.

1912-இல் ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன், மனவயதைக் கால வயதால் வகுத்து ஈவாகச் சொல்லலாம் என்றார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1916-இல் பினே அளவுகோலை அமெரிக்காவுக்கு ஏற்பத் திருத்தியபோது அந்த ஈவை நூறால் பெருக்கினார். ‘ஐக்யூ’ புழக்கத்துக்கு வந்தது. குழந்தைக்கு எதில் உதவி தேவை என்று சொல்லிவந்த பட்டியல், ஒற்றை எண்ணாகச் சுருங்கிவிட்டது. அந்த எண்ணைப் பிறவி இயல்பு என்று படித்தவர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். பினேவின் சோதனையை 1908-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஹென்றி காடர்ட், நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளின் சிறு குழுக்களைச் சோதித்து, பெரும்பாலோர் அறிவுக் குறைபாடுள்ளவர்கள் என்று எழுதினார். பல நாள் கப்பல் பயணத்தில் களைத்து, மொழி தெரியாத ஊரில் அச்சத்தோடு நின்றவர்கள் அவர்கள்.

முதல் உலகப் போரின்போது உளவியலாளர் ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் ஏறக்குறைய பதினேழரை லட்சம் அமெரிக்கப் படையினர் சோதிக்கப்பட்டனர். எழுத்தறிந்தவர்களுக்கு ‘ஆல்ஃபா’, எழுத்தறியாதவர்களுக்குப் படங்களாலான ‘பீட்டா’. மொழி தேவையில்லாததால் பீட்டா பண்பாட்டுச் சார்பற்றது என்று கருதப்பட்டது. அதில் படத்தில் விடுபட்டதை வரையச் சொல்லும் ஒரு பகுதி உண்டு: வலையில்லாத டென்னிஸ் மைதானம், குழலில்லாத கிராமஃபோன். டென்னிஸைக் கண்ணாலும் காணாத சிசிலி விவசாயியின் மகன் அந்தக் கேள்வியில் தோற்றதைக் கொண்டு அவருடைய மூளையைப் பற்றி என்ன சொல்ல முடியும்? தரவுகளே அதற்கு விடை வைத்திருந்தன: அமெரிக்காவில் வாழ்ந்த ஆண்டுகள் கூடக்கூடக் குடியேறிகளின் மதிப்பெண்ணும் கூடியது. நேர்மையாகப் பார்த்தால் சோதனை பழக்கத்தையும் அளக்கிறது என்றுதான் இதற்குப் பொருள். ஆனால் இதே தரவுகளை வைத்து 1923-இல் நூல் எழுதிய கார்ல் பிரிகாம், பிந்தி வந்த இனங்கள் தாழ்ந்தவை என்று பொருள்கொண்டார். அடுத்த ஆண்டே தென் ஐரோப்பிய, கிழக்கு ஐரோப்பியக் குடியேற்றத்தைக் கடுமையாகக் குறைக்கும் சட்டம் வந்தது. அதில் இந்த எண்களுக்கு எவ்வளவு பங்கு என்பதில் வரலாற்றாசிரியர்கள் மாறுபடுகிறார்கள். பிரிகாம் 1930-இல் தம் முடிவுகளை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றார். சட்டம் அப்போது திரும்பப் பெறப்படவில்லை. இதே காலத்தில் வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்கு மனவயது ஒன்பது என்று சோதனை சொன்னது. அந்த எண்ணும் சாட்சியமாக நிற்க, 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலோடு அவருக்குக் கட்டாயக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. குறைபாடு மூன்றாம் தலைமுறைக்கும் இறங்கிவிட்டது என்று நீதிமன்றத்தில் காட்டப்பட்ட அவருடைய மகள், பின்னர் பள்ளியில் நன்றாகப் படிப்போர் பட்டியலில் இடம்பெற்றாள்.

இதற்கிடையே கணிதம் தன் வழியில் வளர்ந்தது. ஒரு சோதனையில் நன்றாகச் செய்பவர் மற்றவற்றிலும் ஓரளவு நன்றாகவே செய்கிறார் என்பதை 1904-இல் காட்டிய சார்ல்ஸ் ஸ்பியர்மன், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொதுக் காரணி உண்டு என்றார். உளவியலாளர் தர்ஸ்டன் 1938-இல் ஏழு முதன்மைத் திறன்களை முன்வைத்தார். ஜான் கேரல் 1993-இல் நானூற்றுக்கும் மேற்பட்ட தரவுத் தொகுதிகளை மறு ஆய்வு செய்து, பொதுக் காரணி உச்சியிலும் குறுந்திறன்கள் அடியிலுமாக மூன்று அடுக்கு அமைப்பை வரைந்தார். நடைமுறையில் பெரிய மாற்றம் செய்தவர் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையின் டேவிட் வெக்ஸ்லர். பழைய ஈவு பெரியவர்களுக்குப் பொருந்தாது. நாற்பது வயதுக்காரரின் மனவயது முப்பது என்றால் அதற்கு அர்த்தமில்லை. 1939-இல் அவர் வெளியிட்ட அளவுகோல், அதே வயதினரின் சராசரியை 100 என்றும் திட்ட விலக்கத்தை 15 என்றும் கொண்டது. இதன்படி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் 85-க்கும் 115-க்கும் இடையே இருப்பார்கள். 70-க்குக் கீழே இருப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல். ஒப்பீடுதான் அளவீடு என்பது வெக்ஸ்லரிடம் கணக்கிலேயே எழுதப்பட்டுவிட்டது.

இத்தனை குறைகள் இருந்தும் சோதனை எதிர்காலத்தைக் கணிக்கிறதே என்பது வலுவான மறுப்பு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 1932 ஜூன் 1 அன்று ஸ்காட்லாந்தில் 11 வயதினர் 87,498 பேர் ஒரே நாளில் ஒரே சோதனையை எழுதினார்கள். பல பத்தாண்டுகள் கழித்து இயன் டியரியும் உடனாய்வாளர்களும் அவர்களில் உயிரோடிருந்தவர்களைத் தேடிப்பிடித்து, 77 வயதில் அதே சோதனையை மறுபடி தந்தார்கள். இரண்டு மதிப்பெண்களுக்கும் ஒட்டுறவு 0.63. சமூக அறிவியலில் இது அரிய உறுதி. பள்ளி மதிப்பெண்களோடும் நுண்ணறிவுச் சோதனைக்குச் சுமார் 0.5 ஒட்டுறவு உண்டு. எனவே ‘ஐக்யூ வெறும் மோசடி’ என்பவர்கள் சான்றுகளைப் பார்க்க மறுக்கிறார்கள். ஆனால் 0.5 என்றால், மாணவர்களிடையே உள்ள மதிப்பெண் வேறுபாட்டில் கால்பங்கை மட்டுமே அது விளக்குகிறது. மீதி முக்கால்பங்குக்கு வேறு காரணங்கள் தேட வேண்டும். மேலும், வரிசையில் இடம் மாறாமலிருப்பதும் அளவு மாறாமலிருப்பதும் வெவ்வேறு. வகுப்பிலுள்ள எல்லாரும் சேர்ந்து முன்னேறினால், யாருடைய இடமும் மாறாது.

இரண்டாவது மறுப்பு மரபுவழிப் பங்கைச் சார்ந்தது. இரட்டையர் ஆய்வுகள், வளர்ந்தவர்களிடையே ஐக்யூ வேறுபாட்டில் பாதிக்கு மேல் மரபணுவோடு தொடர்புடையது என்கின்றன. இதை ஏற்கலாம், ஆனால் அந்த விகிதம் ஒரு குறிப்பிட்ட மக்கள்தொகைக்கு, ஒரு குறிப்பிட்ட சூழலில் மட்டுமே பொருந்தும். ஒரே மூட்டையின் கலப்பு விதைநெல்லை வளமான வயலிலும் வறண்ட வயலிலும் விதைத்தால், ஒவ்வொரு வயலுக்குள்ளும் பயிரின் உயர வேறுபாடு விதையால் வந்தது. இரு வயல்களுக்கிடையே உள்ள வேறுபாடோ மண்ணால் வந்தது. இதற்கு மனிதரிடமே சான்று உண்டு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபிளின், 1984-இலும் 1987-இலும் வெளியிட்ட ஆய்வுகளில், தொழில்வளர்ச்சி பெற்ற நாடுகளில் ஐக்யூ பத்தாண்டுக்கு ஏறக்குறைய மூன்று புள்ளி வீதம் உயர்ந்துவந்ததைக் காட்டினார். மரபணு இரண்டு தலைமுறையில் அப்படி மாறாது. நார்வேயில் கட்டாயக் கல்வி ஏழிலிருந்து ஒன்பது ஆண்டாக நீட்டப்பட்டபோது, ஒவ்வொரு கூடுதல் ஆண்டும் இளைஞர்களின் ஐக்யூவை 3.7 புள்ளி உயர்த்தியதாக 2012-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பள்ளி என்ன செய்கிறது என்பதற்கு ருஷ்ய உளவியலாளர் லூரியா 1931-32-இல் உஸ்பெகிஸ்தானில் நடத்திய ஆய்வில் விளக்கம் கிடைக்கிறது. சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை ஆகியவற்றில் சேராதது எது என்று எழுத்தறியாத உழவர்களிடம் கேட்டார். நான்கும் சேர்ந்தவைதாம், கட்டையில்லாமல் ரம்பத்துக்கு என்ன வேலை என்பது அவர்கள் விடையின் சாரம். வாழ்க்கைக்கு அது முற்றிலும் சரியான விடை, சோதனையில் பூச்சியம். சில ஆண்டு பள்ளி கண்டவர்கள் ‘கட்டை கருவியல்ல’ என்று உடனே சொன்னார்கள்.

இந்தியாவில் நுண்ணறிவு அளவீட்டை முதலில் தொடங்கியவர் லாகூர் ஃபோர்மன் கிறித்தவக் கல்லூரியின் ஹெர்பர்ட் ரைஸ். 1922-இல் அவர் பினே சோதனையின் இந்துஸ்தானி வடிவத்தை உருவாக்கினார். வி.வி. காமத் 1930-களில் அதே சோதனையை மராத்திக்கும் கன்னடத்துக்கும் தழுவினார். சி.எம். பாட்டியா 1955-இல் வெளியிட்ட செயற்சோதனைத் தொகுதியில் எழுத்தறிந்தவர்களுக்கும் எழுத்தறியாதவர்களுக்கும் தனித்தனி ஒப்பீட்டு அட்டவணைகள் இருந்தன. யாரை யாரோடு ஒப்பிடுவது என்ற கேள்வியை இந்நாட்டில் மிகத் தெளிவாகக் கேட்டவர் அவர் என்பேன். 1969-இல் நாக்பூரின் மாலின், வெக்ஸ்லரின் குழந்தைகளுக்கான அளவுகோலை இந்தியாவுக்கு ஏற்பத் திருத்தினார். அண்மையில் வெக்ஸ்லர் அளவுகோலின் புதிய இந்தியப் பதிப்புகள் வந்தபோதும், மாலின் சோதனையும் காமத் சோதனையும் மருத்துவமனைகளில் இன்னும் புழங்குகின்றன. ஃபிளின் கண்டது இங்கும் உண்மையானால், அரை நூற்றாண்டு பழைய அட்டவணையோடு ஒப்பிடும்போது இன்றைய குழந்தையின் எண் கூடுதலாகவே தெரியும். அதன் விளைவு, உதவி பெற வேண்டிய குழந்தை 70 என்ற கோட்டுக்கு மேலே நின்று உதவியை இழப்பது.

அப்படியானால் சோதனையையே கைவிட்டுவிடலாமே என்றால், அதையும் ஏற்க முடியாது. சோதனை போனால் தீர்ப்பு போய்விடாது. அது பினே அஞ்சிய இடத்துக்கே, ஆசிரியரின் எரிச்சலுக்கும் அதிகாரியின் ஊகத்துக்கும் திரும்பும். வேண்டியது எண்ணுக்கு உரிய எல்லையைக் கட்டுவதுதான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வகைப்பாட்டில், அறிவுசார் குறைபாட்டின் தீவிரத்தை ஐக்யூவால் முடிவு செய்யாமல் அன்றாட வாழ்க்கைத் திறனால் முடிவு செய்ய வேண்டும் என்று மாற்றியது. 70 என்ற கோட்டை அளவீட்டுப் பிழையின் வரம்பைப் பார்க்காமல் பிடித்துக்கொண்டு மரண தண்டனை விதிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ், 40 விழுக்காட்டுக் குறைபாட்டுச் சான்றிதழ் இருந்தால்தான் பல உரிமைகள் கிடைக்கும். அதைத் தீர்மானிப்பதில் இத்தகைய சோதனைகளுக்குப் பங்குண்டு. ஆகவே பிள்ளையின் அறிக்கையைக் கையில் வாங்கும் பெற்றோரும் ஆசிரியரும் எந்தச் சோதனை, எந்த ஆண்டின் அட்டவணை, எந்த மொழியில் கேட்டார்கள், எண் எத்தனை புள்ளி மேலும் கீழும் போகலாம் என்று உளவியலாளரைக் கேளுங்கள். இந்த நான்குக்கும் விடை எழுதப்படாத அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள்.