மறைத்த முகம்: திகில் படங்களின் விளம்பரக் கலை – ஒரு வரலாற்று நோக்கு

மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தெண்ணிய தொல்காப்பியர், அது பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினைச் சுட்டினார். இந்நான்கும் அஞ்சுவோன் முன் வந்து நிற்பவை. வந்து நில்லாத ஒன்றும் அச்சம் தரும் என்பதை இருபதாம் நூற்றாண்டுத் திரைப்பட வணிகம் தன் தொழில் அனுபவத்தால் கண்டுகொண்டது. திகில் படத்திற்கு விளம்பரம் செய்வோரின் சிக்கல் விந்தையானது. நுழைவுச்சீட்டு வாங்காத வழிப்போக்கனைச் சுவரொட்டி அஞ்சச் செய்யவேண்டும். அஞ்சியவன் வீடு திரும்பிவிடாமல் அரங்கை நோக்கி நடக்கவும் செய்யவேண்டும். முழுவதையும் காட்டினால் அச்சம் தெருவிலேயே தீர்ந்துபோகும். ஒன்றும் காட்டாவிடில் எவரும் நின்று பாரார். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியாக மேலைநாட்டு விளம்பரக் கலைஞர் கைக்கொண்டது மறைத்தல் என்னும் உத்தி. எதை மறைத்தனர், எவ்வாறு மறைத்தனர் என்பது கலை வரலாறு. யாரை மறைத்தனர் என்பது சற்றே கசப்பான வேறொரு வரலாறு. இரண்டும் தொடக்கமுதல் பிணைந்தே வந்துள்ளன.

1920ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரச் சுவர்களில் புரியாத சுவரொட்டிகள் சில தோன்றின. 'நீ காலிகரி ஆகியே தீரவேண்டும்' என்னும் பொருளுடைய ஒரு தொடர் அவற்றில் இருந்தது. காலிகரி யார், அவராக ஏன் ஆகவேண்டும் என்பதற்கு விடை இல்லை. 'டாக்டர் காலிகரியின் அறை' என்னும் படம் வெளிவந்தபின்னரே, அத்தொடர் அப்படத்தில் பித்துற்ற ஒருவனைத் துரத்தும் கட்டளை என்பது விளங்கியது. பாத்திரத்தின் மனப்பிணியை ஊரார் மீது ஏவிவிட்ட அவ்விளம்பரம், திகில் விளம்பரத்தின் முதற் பாடங்களுள் ஒன்று எனலாம்.

அமெரிக்காவில் யூனிவர்சல் நிறுவனம் இதனை முகத்தின் வழியாகச் செய்தது. 1925இல் வெளிவந்த 'ஓபராவின் மாயாவி' என்னும் ஊமைப்படத்தில் லான் சேனி நடித்தார். மண்டையோட்டை ஒத்த அம்முகத்தின் ஒப்பனையை வகுத்தவரும் அவரே. முகமூடி நீங்கிய அம்முகத்தின் நிழற்படம் எதுவும் படம் வெளியாகுமுன் இதழ்களுக்குத் தரப்படவில்லை. முகமூடி அகலும் காட்சியின் அமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. மாயாவி இசைக்கருவியின் முன் அமர்ந்திருக்கிறான். பின்னால் நின்று முகமூடியைப் பறிக்கிறாள் நாயகி. அம்முகம் முதலில் காண்போருக்கே தெரிகிறது. அவளுக்கு அடுத்த நொடியில்தான் தெரிகிறது. அறியாத ஒருத்தியை அறிந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு நொடியை அடுத்த ஐம்பதாண்டுச் சுவரொட்டிகள் பல வடிவங்களில் கடன் வாங்கின.

சேனியின் பெயர் உலகறிந்தது, முகமே மறைக்கப்பட்டது. ஆறாண்டுகள் கழித்து, 1931இல், இம்முறை தலைகீழாயிற்று. 'பிராங்கன்ஸ்டைன்' படத்தின் தொடக்கத்தில் நடிகர் பெயர்கள் வரிசையாக வருகையில், அரக்கனுக்கு நேரே பெயருக்கு மாற்றாக ஒரு வினாக்குறி மட்டுமே இருந்தது. அதன் பின்னால் இருந்தவர் போரிஸ் கார்லாஃப். ஜாக் பியர்ஸ் என்னும் ஒப்பனைக் கலைஞரின் முன் நாள்தோறும் பல மணிநேரம் அமர்ந்து, பளுவான காலணிகளுடன் உழைத்த அவர், அப்படத்தின் முதற்காட்சிக்கு அழைக்கப்படவில்லை. மனிதன் ஒருவனே அரக்கனாக நடித்தான் என்பது தெரிந்துவிட்டால் அச்சம் குறையும் என்பது விளம்பர நியாயம். நடித்தவர் அளவில் அது நியாயமா என்பது அன்று கேட்கப்படாத வினா. படம் பெற்ற வெற்றியால் அவர் பெயர் விரைவிலேயே வீட்டுப் பெயராகி, தலைப்பெயர் இன்றிக் 'கார்லாஃப்' என்ற ஒற்றைச் சொல்லே சுவரொட்டிகளில் பேரெழுத்தாக நின்றது. ஆயினும் நிறுவனம் அவ்வினாக்குறியை விட்டுவிடவில்லை. 1935இல் 'பிராங்கன்ஸ்டைனின் மணமகள்' வந்தபோது அரக்கனின் துணைவிக்கு நேரே மீண்டும் அதனை இட்டது. அவ்வேடம் புனைந்த எல்சா லான்செஸ்டர், அப்படத்தில் தாம் ஏற்ற மேரி ஷெல்லி வேடத்திற்கு மட்டுமே பெயர் பெற்றார்.

அக்காலத்து யூனிவர்சல் சுவரொட்டிகளின் வண்ணத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். படங்கள் கறுப்பு வெள்ளை. சுவரொட்டிகளோ கல்லச்சில் பல வண்ணங்களில் அடிக்கப்பட்டவை. அவற்றை வடிவமைத்தோருள் ஹங்கேரியில் பிறந்த கரோலி கிராஸ் குறிப்பிடத்தக்கவர். பிராங்கன்ஸ்டைனின் அரக்கன் என்றதும் இன்று உலகெங்கும் குழந்தைகள் பச்சை முகத்தையே வரைகின்றனர். படத்தைப் பார்த்தவர் எவரும் அப்பச்சையைத் திரையில் கண்டதில்லை. அதனை மக்கள் நினைவில் பதித்ததில் வண்ணச் சுவரொட்டிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. விளம்பரம் படத்தையே வென்றுவிட்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பதரிது. ஓரிரு வாரம் ஒட்டிக் கிழித்தெறியப்பட வேண்டிய தாள்கள் அவை. அவற்றுள் ஒன்றான 'மம்மி' (1932) படச் சுவரொட்டி 1997இல் ஏலத்தில் 4,53,500 டாலருக்கு விலைபோனது.

அடுத்து வந்த காலத்தை மறைத்தலின் தேய்பிறைக் காலம் எனலாம். 1950களில் தொலைக்காட்சிக்கு அஞ்சிய திரையுலகம், காட்டுவதையே தொழிலாகக் கொண்டது. அமெரிக்கன் இன்டர்நேஷனல் நிறுவனத்தார் பல படங்களுக்குத் தலைப்பையும் சுவரொட்டியையும் முதலில் ஆயத்தம் செய்து, அவை விலைபோகும் எனத் தெரிந்தபின்னரே கதை எழுதுவித்தனர். ரெனால்ட் பிரௌன் தீட்டிய 'ஐம்பதடிப் பெண்ணின் தாக்குதல்' (1958) சுவரொட்டியில், நெடுஞ்சாலைப் பாலத்தின் இருமருங்கும் கால்பரப்பி நின்று கார்களை வாரியெடுக்கிறாள் ஒரு பேருருவப் பெண். படத்தில் அக்காட்சி இல்லை. அதை எடுக்கும் பொருள்வளமும் அவர்களிடம் இல்லை.

அதே காலத்து வில்லியம் காசில், சுவரொட்டியை விட்டுவிட்டு அரங்கையே விளம்பரமாக்கினார். 1958இல் வந்த 'மக்காப்' படத்தைப் பார்த்து அச்சத்தால் இறப்போர்க்கு 1,000 டாலர் காப்பீடு அறிவித்து, அரங்க வாயிலில் செவிலியரையும் வெளியே பிண ஊர்தியையும் நிறுத்தினார். அடுத்த ஆண்டு, பார்வையாளர் தலைக்குமேல் கம்பியில் எலும்புக்கூடு ஒன்றை ஓடவிட்டார். இவற்றுள் உண்மையிலேயே கூரறிவு காணப்படுவது 1960இல் வந்த 'பதின்மூன்று பேய்கள்' படத்திற்கு அவர் கண்ட உத்தி. ஒவ்வொருவர் கையிலும் சிவப்பும் நீலமுமான இரு வண்ணத்தாள் ஒட்டிய அட்டை தரப்பட்டது. சிவப்பின் வழியே நோக்கினால் பேய் தெளிவாகத் தெரியும். நீலத்தின் வழியே நோக்கினால் மறைந்துபோகும். காண்பதா வேண்டாவா என்பதை அஞ்சுபவரே முடிவு செய்யலாம். திகில் வணிகத்தின் வரலாற்றில் பார்வையாளனுக்கு இவ்வுரிமை இத்துணை வெளிப்படையாக வழங்கப்பட்டது மிக அரிது. கோமாளித்தனம் எனக் காசிலை ஒதுக்கிய திறனாய்வாளர் பலர் இதனைக் காணத் தவறினர்.

அதே 1960இல் ஆல்பிரட் ஹிட்ச்காக் 'சைக்கோ' படத்தின் வழியாக மறைத்தலை மீட்டெடுத்தார். முன்னோட்டப் படத்தில் அதன் காட்சிகளைக் காட்டாமல், ஆறு நிமிடங்களுக்கு மேல் தாமே அவ்விடுதியைச் சுற்றிக்காட்டினார். விற்பனைக்கு வந்த வீட்டைக் காட்டும் தரகரைப்போல் நின்று பேசி, கொலை நடந்த இடங்களைச் சுட்டி, சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கினார். இறுதியில் குளியலறைத் திரையை விலக்கியதும் ஒரு பெண் அலறுகிறாள். அவள் படத்தில் அவ்விடத்தில் கொல்லப்படும் ஜேனட் லீ அல்லள். பொய்ம்முடி அணிந்த வேரா மைல்ஸ். படம் தொடங்கியபின் எவரையும் உள்ளே விடலாகாது என்னும் கட்டளையும் சுவரொட்டிகளில் இடம்பெற்றது. முன்பாதியிலேயே நாயகி இறந்துவிடுவதால் தாமதித்து வந்தோர் அவளைத் தேடிக்கொண்டிருப்பர் என்பது அதற்கான நடைமுறைக் காரணம். ஆனால் கடிகாரத்தைச் சுட்டி நிற்கும் இயக்குநரின் உருவம், உள்ளே ஏதோ ஒன்று குறித்த நேரத்தில் நிகழவிருக்கிறது என்னும் நடுக்கத்தையும் சேர்த்தே விற்றது.

இக்கலையின் உச்சம் 1968 முதல் 1979 வரையிலான காலம். 'ரோஸ்மேரியின் குழந்தை' (1968), 'ஏலியன்' (1979) ஆகிய இரண்டின் சுவரொட்டிகளும் ஸ்டீபன் பிராங்ஃபர்ட், பிலிப் கிப்ஸ் ஆகியோரின் கைவண்ணம். இடையில் வந்த 'எக்ஸார்சிஸ்ட்' (1973) சுவரொட்டி பில் கோல்டின் ஆக்கம். மூன்றினையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். முதலாவதில் மல்லாந்து கிடக்கும் பெண்ணின் பக்கத்தோற்றம் பச்சை ஒளியில் மலைபோல் பரந்திருக்க, முன்னே கருநிழலாக ஒரு சிறு குழந்தை வண்டி. வண்டிக்குள் இருப்பது காட்டப்படவில்லை. இரண்டாவதில் பெட்டியுடன் ஒரு பாதிரியார் இரவில் வீட்டின் முன் நிற்கிறார். மாடிச் சாளரத்திலிருந்து ஒளி அவர்மேல் பாய்கிறது. பேய் பிடித்த சிறுமியின் முகம் சுவரொட்டியில் இல்லை. மூன்றாவதில் கரிய வெளியில் ஒரு முட்டை. அதன் விரிசலிலிருந்து பசுமஞ்சள் ஒளி கசிகிறது. விண்வெளியில் அலறினால் எவர் செவிக்கும் எட்டாது என்னும் பொருள்பட பார்பரா கிப்ஸ் எழுதிய வரி உடன் நிற்கிறது.

இருள் அச்சம் தரும், ஒளி காப்புத் தரும் என்பது மனித இனத்தின் பழைய நம்பிக்கை. இக்கலைஞர்கள் அதனைப் புரட்டிப்போட்டனர். பாதிரியார் நிற்கும் தெரு இருண்டதாயினும் தீங்கற்றது. தீமை குடியிருக்கும் அறையே ஒளிர்கிறது. முட்டையிலும் ஒளி வருமிடமே அஞ்சத்தக்க இடம். காண்பவன் கண் இயல்பாகவே ஒளியை நாடும். நாடிய கண் செல்லத்தகாத இடத்திற்குச் சென்று சேர்கிறது. குருதியோ கோரைப்பல்லோ இன்றி இதனைச் சாதித்தமை பெரிதும் பாராட்டத்தக்கது.

இதற்கு மாறானதாக 1975இன் 'ஜாஸ்' சுவரொட்டியைச் சிலர் காட்டக்கூடும். ரோஜர் காஸ்டெல் தீட்டிய அவ்வோவியத்தில் சுறாவின் வாய் முழுமையாகவே தெரிகிறது. படமோ, இயந்திரச் சுறா அடிக்கடி பழுதுபட்டமையால், அதனை நெடுநேரம் காட்டாமலேயே நகர்கிறது. ஆனால் மேற்பரப்பில் நீந்தும் பெண்ணை நோக்குக. கீழிருந்து எழுவதை அவள் அறியாள்; சுவரொட்டியைக் காண்பவன் அறிவான். 1925இன் அதே ஒரு நொடி இங்கு ஓவியமாக உறைந்து நிற்கிறது. மறைக்கப்பட்டது விலங்கன்று, அவளுக்குத் தெரியவேண்டிய செய்தி.

1999இல் வந்த 'பிளேர் விட்ச் புராஜெக்ட்' இவ்வரலாற்றில் ஒரு முறிவை உண்டாக்கியது. 1997 அக்டோபரில் மேரிலாந்துக் காட்டில் எட்டு நாட்களில் எடுக்கப்பட்ட படம் அது. ஹெதர் டானஹியூ, மைக்கேல் வில்லியம்ஸ், ஜோஷுவா லியோனார்டு என்னும் மூன்று நடிகர்கள் தம் சொந்தப் பெயர்களிலேயே நடித்து, கருவியையும் தாமே இயக்கினர். விளம்பரத்தார் அவர்களைக் காணாமற்போனோராக அறிவித்துத் தேடுதல் அறிவிப்புத் தாள்களை ஒட்டினர். இணையத் திரைப்படத் தரவுத்தளத்தில் மூவரும் இறந்ததாகக் கருதப்படுவோர் எனக் குறிக்கப்பட்டனர். காவல்துறைத் தாளின் மங்கிய நிழற்படம், தட்டச்சு எழுத்து, ஆவணப்படத்தின் நடுங்கும் சட்டகம் ஆகிய அனைத்தும் உண்மையின் உடைகள். அவற்றைத் திகில் விளம்பரம் அணிந்துகொண்டது. கதையில் பெயர் சொல்லப்பட்ட பர்க்கிட்ஸ்வில் என்னும் இருநூறு பேர்கூட இல்லாத சிற்றூரில் வேடிக்கை காண்போர் குவிந்து, ஊர்ப் பெயர்ப்பலகைகளைத் திருடிச் சென்றனர். உலகளவில் ஏறத்தாழ 24.8 கோடி டாலர் ஈட்டிய அப்படத்தின் நடிகர்கள், வெளியீட்டை ஒட்டிப் பொதுவெளியில் தோன்றாமல் இருக்கும்படி வைக்கப்பட்டனர். டானஹியூவின் தாய்க்கு இரங்கல் மடல்கள் வந்தன.

வினாக்குறிக்குப் பின் நின்ற கார்லாஃபுக்கும் இவர்களுக்கும் உள்ள தொலைவு பெரிது. அங்கு மறைக்கப்பட்டது ஒப்பனை செய்த ஓர் உருவத்தின் பெயர். இங்கு உயிரோடிருக்கும் மூவரின் உயிரே மறைக்கப்பட்டது. வேடமென்று கழற்றி வைக்க அவர்களிடம் எதுவும் இல்லை. பெயரும் முகமும் சொந்தமானவை.

பின்வந்தோர் இவ்வெல்லையைச் சற்றே தவிர்த்தனர் எனலாம். 2009இல் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' முன்னோட்டம், இருளிலும் பதியும் கருவியைப் பார்வையாளர் பக்கம் திருப்பி, அவர்கள் துள்ளுவதையும் கண்பொத்துவதையும் காட்டியது. அஞ்சுவோரைக் கண்டு அஞ்சுதல் என்பது நல்ல உத்தியே. 2024இல் வந்த 'லாங்லெக்ஸ்' நூறாண்டுப் பழமையான வழிக்கே திரும்பியது. நிக்கோலஸ் கேஜின் பெயர் விளம்பரப்படுத்தப்பட்டது, முகம் மறைக்கப்பட்டது. அவரை வேடத்தில் முதன்முறை கண்ட நாயகி மைக்கா மன்ரோவின் இதயத்துடிப்பு நிமிடத்திற்கு 170 ஆனதை ஒலியாகவே வெளியிட்டனர். அப்படத்தின் இயக்குநர் ஆஸ்குட் பெர்கின்ஸ், 'சைக்கோ'வின் கொலைகாரனாக நடித்த ஆந்தனி பெர்கின்ஸின் மகன். கேஜ் அப்படத்தின் தயாரிப்பாளர்களுள் ஒருவர்; தம் முகத்தை மறைத்ததன் ஊதியத்தில் பங்குடையவர்.

அதே 2024 ஏப்ரலில், 'பிளேர் விட்ச்' வரிசையில் மீண்டும் ஒரு படம் எடுக்கப்படும் என அதன் உரிமையைப் பெற்றிருந்த லயன்ஸ்கேட் நிறுவனம் அறிவித்தது. அதனைத் தொடர்ந்து அம்மூவரும் வெளிப்படையாக ஒரு மடல் வெளியிட்டனர். முன்னைய படத்திற்கு உரிய தொடர் ஊதியத்தையும், தம் பெயரும் உருவமும் இனிப் பயன்படுத்தப்படுமாயின் தம்மைக் கலந்துகொள்ளும் உரிமையையும் அவர்கள் கேட்டனர். மூவருள் டானஹியூ அதற்குள் தம் பெயரை ரே ஹான்ஸ் என மாற்றிக்கொண்டிருந்தார். கம்பளிக் குல்லாயுடன் கைவிளக்கொளியில் பாதி தெரியும் அவர் முகம் அச்சுவரொட்டியின் கீழ்ப்பகுதியில் இன்றும் இருக்கிறது. விற்கப்படும் ஒவ்வொரு படியிலும் அது அச்சிடப்பட்டு வருகிறது.