அப்புத்தளை மலைவழிகள்

நூல்களில் எழுதப்பட்ட வரலாறு ஒன்று. நிலத்தில் எழுதப்பட்ட வரலாறு மற்றொன்று. அரசர், ஆளுநர், போர், உடன்படிக்கை ஆகியவற்றை நூல்கள் பேணி வைக்கின்றன. ஊர்ப்பாதைகளோ தம்மேல் நடந்த மாந்தரின் கதையைப் பேணி வைக்கின்றன. அக்கதையைப் படிக்க விரும்புவோர்க்கு இலங்கையின் மலைநாட்டிலே அப்புத்தளையைச் சூழ்ந்த வழிகளைவிடச் சிறந்த ஏடு கிடைப்பது அரிது.

ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத்தில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில், மலைமுகடு ஒன்றின் மீது அமைந்த சிறு பட்டினம் அப்புத்தளை. தெற்கு நோக்கி நிற்பவரின் காலடியிலிருந்து மலை செங்குத்தாகச் சரிந்து தாழ்நிலத்தை அடைகிறது. வானம் தெளிந்த நாளில் தென்கடலின் விளிம்பும் புலப்படும். வடக்கே திரும்பினால் ஊவாவின் விரிந்த பள்ளத்தாக்குத் தோன்றும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலையின் மேற்குப் புறத்தில் இறக்கிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாப் பக்கம் கடந்து வருகிறது. ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் அக்கச்சான் காற்றே ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தருகிறது என்பர் தேயிலை வல்லுநர்.

இக்காட்சிகளை நாடி இன்று பல நாட்டாரும் இங்கு வருகின்றனர். விடியற்காலையில் தேயிலைச் சரிவுகளினூடே ஓடுவோரும், தோளில் பையுடன் நாட்கணக்கில் நடப்போரும் உளர். கண்டியில் தொடங்கி அப்புத்தளை, எல்ல முதலிய ஊர்களைச் சுற்றி நுவரெலியாவில் முடியும் ‘பீக்கோ டிரெயில்’ என்னும் நெடுவழி, 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில், 22 பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. அவ்வழிக்கெனப் புதிதாக வெட்டப்பட்ட பாதை மிகக் குறைவே. முன்னரே கிடந்த தோட்டத்து வண்டிப்பாதைகளும் ஒற்றையடிப் பாதைகளுமே அவ்வாறு ஒன்றாக இணைக்கப்பட்டன. அவற்றை முதன்முதல் வெட்டியவர் யார்? நாள்தோறும் மிதித்து நிலைபெறச் செய்தவர் யார்? வழியில் நிற்கும் நினைவுச்சின்னங்கள் யாரை நினைவூட்டுகின்றன? இவ்வினாக்களோடு நடப்பவர்க்கு இவ்வழிகள் இயற்கைக் காட்சிக்கு மேலும் ஒன்றைக் காட்டும்.

தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்பே இம்மலைக் கணவாய்கள் தாழ்நிலத்துக்கும் ஊவாவுக்கும் இடையே வாயில்களாக விளங்கின. 1630ஆம் ஆண்டு போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ டி சா ஊவாவினுட் புகுந்து பதுளையை எரித்தான்; ஆயினும் மீளும் வழியில், வெல்லவாயவுக்கு அணித்தாயுள்ள ரந்தெனிவெல என்னுமிடத்தில் கண்டிப் படையினரால் சூழப்பட்டு மடிந்தான். 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவா, வெல்லச மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கெப்பெட்டிபொல திசாவை தலைமை தாங்கிய அவ்வெழுச்சி கொடுமையாக அடக்கப்பட்டது. பாதை இல்லாத நாட்டை ஆள இயலாது என்னும் பாடத்தை ஆங்கிலேயர் அதனின்று கற்றனர். அதன்பின் மலைநாட்டில் பாதைகள் பெருகின.

ஊவாவில் அப்பணியோடு சேர்த்துப் பேசப்படும் பெயர் மேஜர் ரோஜர்ஸ் என்பவருடையது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் நீதிபதியாகவும் இருந்த அவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்ற புகழையோ பழியையோ பெற்றவர். 1845 ஜூன் 7ஆம் நாள் அப்புத்தளையில் இடி வீழ்ந்து இறந்தார். பதுளைப் புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுப்பப்பட்டது. அவர் பெயர் கல்லில் இருக்கிறது. அவர் காலத்துப் பாதைகளில் மண் சுமந்தோர் பெயரைத் தாங்கிய கல் ஒன்றும் இல்லை. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டமோ, வயதுவந்த ஆண்கள் ஆண்டுதோறும் ஆறு நாள் வீதிப்பணி செய்தல் வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. அவ்வாண்டு கண்டிப் பகுதியில் மூண்ட கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம் ஆயிற்று.

இப்பாதைகளில் முதலில் ஓடியவர்கள் உல்லாசத்துக்காக ஓடியவர்கள் அல்லர். புகைவண்டியும் மோட்டார் வண்டியும் வருமுன் கடிதப் பையைத் தோளிலிட்டு ஓடியவர் தப்பால்காரர். ஒருவர் ஓடிய இடத்தில் மற்றொருவர் பையை ஏற்று ஓடுவார். பிற்காலத்தில் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு தப்பால்காரர் இருந்தார். துரையின் கடிதங்களையும் பத்திரிகைகளையும் அஞ்சலகத்திலிருந்து கொணர்வதற்காக, மழையிலும் பனியிலும் அவர் நாள்தோறும் மலை இறங்கி ஏறினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இச்சரிவுகளில் கோப்பி பரவியது. காடழிக்கவும் கோப்பி பறிக்கவும் ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்டனர். கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியோர் வன்னிக் காட்டினூடே மாத்தளை வரை கால்நடையாக நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் அவ்வழியில் மாண்டோர் பலர். மாத்தளையை அடைந்த பின்னரும் ஊவாவுக்குச் செல்வோர்க்கு நடை முடியவில்லை. 1869ஆம் ஆண்டில் காணப்பட்ட இலைநோய் நாளடைவில் கோப்பியை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியும் பாதை மாறவில்லை.

அப்புத்தளையிலிருந்து புறப்படும் வழிகளுள் கிழக்கு வழியே பெயர்பெற்றது. பட்டினத்திலிருந்து தேயிலை மலைகளினூடே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சென்றால் தம்பேதன்ன தொழிற்சாலை வரும். கிளாஸ்கோ நகரத்து வணிகர் தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பகுதித் தோட்டங்கள் சிலவற்றை வாங்கினார். இத்தொழிற்சாலை எழுந்ததும் அவ்வாண்டிலேயே. இடைத்தரகரை நீக்கி, தேயிலையைச் சிறு பொட்டலங்களில் அடைத்துக் குறைந்த விலைக்கு விற்று, செல்வர் பானத்தை உழைப்பாளர் இல்லங்களுக்கும் கொண்டுசென்ற திறம் அவருடையது. தொழிற்சாலையிலிருந்து மேலும் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வளைந்தேறும் பாதை, அவர் அமர்ந்து தம் தோட்டங்களை நோக்கியதாகக் கூறப்படும் ‘லிப்டன் சீட்’ என்னும் முகட்டில் முடிகிறது. அங்கு இன்று அவருடைய சிலையும் அமர்ந்திருக்கிறது.

அவ்வேற்றத்தில் நடப்பவர் சிலையை அடையுமுன் காண வேண்டியவை பல. பாதையோரத்துக் கற்கட்டுகள் கையால் அடுக்கப்பட்டவை. மழைநீர் மண்ணை வாரிச் செல்லாதவாறு சரிவுக்குக் குறுக்கே வெட்டிய கான்கள் ஒவ்வொரு மலையிலும் உள்ளன. வண்டிப்பாதை வளைந்து வளைந்து செல்ல, இரு வளைவுகளுக்கு இடையே செங்குத்தாக ஏறும் ஒற்றையடிப் பாதையைத் தோட்டத்தார் ‘குறுக்கு’ என்பர். அதனை அளந்து வரைந்த பொறியியலாளர் எவருமிலர். பெரட்டுக்கு நேரமாகிவிடுமென விரைந்த கால்களும், கூடை நிறையக் கொழுந்துடன் மடுவத்துக்கு இறங்கிய கால்களும், பிள்ளை மடுவத்தில் விட்ட குழந்தைக்குப் பாலூட்ட ஓடிய தாயின் கால்களுமே அதனை வகுத்தன. தேயிலை மலைகளுக்குக் கணக்கேட்டில் இலக்கமே உண்டு. தொழிலாளர் வாயிலோ கோயில், மரம், பாறை, பழைய கங்காணி ஆகியவற்றால் அமைந்த பெயர்கள் வழங்கின. இலக்கங்கள் ஏட்டில் இருக்கின்றன. பெயர்கள் முதியோர் நினைவில் மட்டுமே இருக்கின்றன.

மேற்கு வழி அடிசம் மாளிகையை நோக்கிச் செல்கிறது. ஜோர்ஜ் ஸ்டூவர்ட் வணிக நிறுவனத்தின் தலைவராயிருந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய கல்மாளிகை அது. இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் தாம் பிறந்த ஊரின் பெயரையே அதற்கு இட்டார். 1960களின் தொடக்கம் முதல் அது புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடமாக விளங்குகிறது. தொலைநாட்டில் வாழ்ந்த ஒருவர் தம் பிறந்த ஊரை மறவாமைக்கு அப்பெயர் சான்று. அதே மறவாமையோடு தென்னிந்தியச் சிற்றூர்களிலிருந்து வந்தோர் மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் மரத்தடியில் கல் நாட்டினர். இரண்டும் ஒரே உணர்ச்சியின் விளைவுகள். கட்டுவதற்கு இருந்த பொருள்தான் வேறு.

மாளிகையை அடுத்த காடு தங்கமலைச் சரணாலயம். அப்பெயரில் தமிழ் ஒலிப்பதைக் கேட்பவர் உணர்வர். அக்காட்டைக் கடந்தால் இதல்கஸ்ஹின்ன புகையிரத நிலையம். நானுஓயாவுக்கு 1885இல் வந்த இருப்புப்பாதை 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் அடைந்தது. குகைகளைக் குடைந்தும் பாறைகளைப் பிளந்தும் அதனை அமைத்தோருள் தமிழரும் சிங்களவரும் இருந்தனர்.

தேயிலையை இறக்கிச் சென்ற அப்பாதையே பின்னாளில் மக்களையும் இறக்கிச் சென்றது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்தம் எண்ணிக்கையை 9,75,000 எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என வகுத்தது. தகப்பனுக்கு ஒரு நாடு, மகளுக்கு மற்றொரு நாடு என்ற நிலை பல குடும்பங்களுக்கு வாய்த்தது. தலைமன்னாருக்குச் செல்வோரை ஏற்றிய புகைவண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். மலைநாட்டு நிலையங்களின் மேடைகளில் நின்று அழுதோரின் கதைக்கு அங்குப் பலகை எதுவும் இல்லை.

வடக்கே தியத்தலாவை. தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போவர் கைதிகள் ஏறத்தாழ 5,000 பேர் 1900 முதல் அங்கு அடைத்து வைக்கப்பட்டனர். அருகிலுள்ள குன்றொன்றில், ஆங்கிலக் கடற்படையின் ‘பொக்ஸ்’ கப்பலினர் கற்களால் அமைத்த நரியின் உருவத்தை இன்றும் காணலாம்.

தெற்கு வழி பெரகலைக்கு இறங்கி, கிழக்கே திரும்பிக் கொஸ்லந்தைக்கும், அப்பால் 220 மீட்டர் உயரத்திலிருந்து வீழும் தியலும நீர்வீழ்ச்சிக்கும் செல்கிறது. அழகில் இதற்கு நிகரான வழி குறைவு. ஆயின் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தில் 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்தது. லயங்களும் கோயிலும் மக்களும் மண்ணுள் மறைந்தனர். அவ்விடம் அபாயமானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எனினும் நூறாண்டுக்கு மேல் உழைத்த குடும்பங்களுக்கு வேறிடத்தில் வீடு கட்டச் சொந்த நிலம் இருக்கவில்லை. நீர்வீழ்ச்சியை நாடி அவ்வழியே விரைவோர் அங்குச் சிறிது நிற்பது தகும். மலையின் அழகும் அபாயமும் ஒரே சரிவில் உள்ளன. அபாயத்தில் யார் வாழ நேர்ந்தது என்பதும் வரலாறே.

நடையையே நினைவுச்சின்னமாக்கிய நிகழ்ச்சி ஒன்று அண்மையில் நடந்தது. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த 200 ஆண்டு நிறைவை முன்னிட்டு, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டோர், முன்னோர் நடந்த வழியே நடந்து ஆகஸ்ட் நடுப்பகுதியில் மாத்தளையை அடைந்தனர். கல்லும் சிலையும் எழுப்பும் வசதி இல்லாதவர்க்கும் கால்கள் உண்டு என்பதை அந்நடை காட்டியது. தமிழரோடு சிங்களவரும் முஸ்லிம்களும் அதில் உடன் நடந்தனர்.

அப்புத்தளை வழிகளுக்கும் இத்தகைய கவனம் வேண்டும். லிப்டனின் இருக்கையும் வில்லியர்ஸின் மாளிகையும் அவ்வாறே நிற்கட்டும், அவையும் வரலாறே. அவற்றுக்கு வழிகாட்டும் பலகைகளின் அருகே, குறுக்குகளின் பெயர்களையும், மலைகளின் வழக்குப் பெயர்களையும், மண்ணில் மறைந்த லயங்களின் பெயர்களையும் தாங்கிய பலகைகளும் எழலாம். கவனிப்பாரின்றிக் காடேறும் தேயிலை மலைகளில் குறுக்குகள் மறைந்து வருகின்றன. அவற்றின் பெயரறிந்த முதியோரும் ஒருவர்பின் ஒருவராக மறைகின்றனர். இப்பெயர்களைத் திரட்டுதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. தோட்டப் பாடசாலை மாணவர்கள் ஒரு விடுமுறைக் காலத்தில் தம் பாட்டன் பாட்டியரோடு மலையேறி, ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினால் போதும்.