கைரோபிராக்டிக் தொழில் எல்லைச் சட்டங்கள் (அமெரிக்கா)

முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சீர்செய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சையாளர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை அமெரிக்காவில் அந்தந்த மாநிலச் சட்டமே வரையறுக்கிறது. 1895இல் அயோவா மாநிலத்தின் டாவன்போர்ட்டில் இம்முறையைத் தொடங்கிய டி. டி. பால்மர், உரிமமின்றி மருத்துவம் பார்த்தார் என்று 1906இல் சிறை சென்றவர். இத்தொழிலுக்கான முதல் தனி உரிமச் சட்டத்தை 1913இல் கன்சாஸ் இயற்றியது. கடைசி மாநிலமான லூசியானா 1974இல்தான் இறங்கிவந்தது.

முதுகெலும்புச் சிகிச்சைக்குத் தடையில்லை. மருந்து எழுதுவதும் பெரிய அறுவையும் பொதுவாகக் கூடாது. வழக்குகள் இவற்றுக்கு இடைப்பட்ட பகுதியில்தான் எழுகின்றன. ஓரிகன் சிறு அறுவையையும் பிரசவம் பார்ப்பதையும் அனுமதிக்கிறது. நியூ மெக்சிகோவில் கூடுதல் பயிற்சிச் சான்று பெற்றோர் பட்டியலிட்ட சில மருந்துகளைத் தரலாம். டெக்சாஸில் ஊசி செருகிச் செய்யும் தசை மின்பரிசோதனைக்கான அனுமதி நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆனால் உடல் சமநிலை தொடர்பான ஒரு பரிசோதனையை அம்மாநில உச்ச நீதிமன்றம் 2021இல் ஏற்றது. ஒரே பட்டத்துக்கு இத்தனை எல்லைகள் இருப்பதற்கு மருத்துவக் காரணத்தைவிட சட்டமன்றப் பேரமே பெரிய காரணம்.

அமெரிக்க மருத்துவச் சங்கம் இத்துறையைப் புறக்கணித்தது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என 1987இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு தொழில் எல்லையை விரிக்கவில்லை. மாநிலம் எவ்வளவு அனுமதித்தாலும், கூட்டாட்சி அரசின் மெடிகேர் காப்பீடு கைரோபிராக்டருக்குக் கையால் செய்யும் முதுகெலும்புச் சிகிச்சைக்கு மட்டுமே பணம் தருகிறது. அவர் எடுக்கும் எக்ஸ்ரேவுக்குத் தருவதில்லை.