கன்வர்ஜென்ஸ் (ஜிக்சா புதிர்)
அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் 1952-இல் வரைந்த ‘கன்வர்ஜென்ஸ்’ ஓவியத்தைக் கொண்டு ஸ்பிரிங்போக் நிறுவனம் 1964-இல் வெளியிட்ட 340 துண்டுப் புதிர். உலகிலேயே கடினமானது என்றே விளம்பரம் செய்யப்பட்டது. தரையில் விரித்த கேன்வாஸில் வண்ணத்தைச் சொட்டியும் ஊற்றியும் வரைந்தவர் பொல்லாக். ஆகவே முகம், வானம், கூரை என்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கையிலுள்ள துண்டில் ஒரு கறுப்புக் கோடு, ஓரத்தில் மஞ்சள் தெறிப்பு, அவ்வளவுதான். கோடு எங்கே தடிக்கிறது, எந்த நிறம் எதன்மேல் விழுந்திருக்கிறது என்று பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் துண்டுகளாக அறுத்துப் புதிராக விற்ற வரைபடங்கள் குழந்தைகளுக்குப் புவியியல் பாடமாயின. அரூப ஓவியத்துக்கு இந்தப் புதிரும் அப்படியொரு நல்ல பாடம். ஏறத்தாழ நான்கு மீட்டர் அகலமுள்ள மூல ஓவியம் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.