ஆளவந்தார் தவறவிட்ட யோகம்

யோகம் என்றால் இன்று பலருக்கும் ஆசனங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் புலன்களை அடக்கி உள்ளே இறைவனைக் காண்பதே அதன் நோக்கம்.

காட்டுமன்னார்கோயில் நாதமுனிகள் இந்த யோகத்தைக் குருகைக் காவலப்பனுக்குக் கற்பித்தார். நாதமுனிகளின் பேரரான ஆளவந்தார் அதைக் கற்க விரும்பியபோது, காவலப்பன் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தார். திருவனந்தபுரத்தில் இருந்தபோதுதான் அந்த நாள் வந்துவிட்டது ஆளவந்தாருக்கு நினைவு வந்தது. போய்ச் சேர வழியில்லை. அத்துடன் அந்த யோகம் மறைந்தது என்கின்றன குருபரம்பரை நூல்கள்.

தொழிற்சாலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூரில் 1017-ல் பிறந்தவர் இராமாநுசர். திருக்கோட்டியூரில் அவர் மந்திரப் பொருளை எல்லோருக்கும் சொன்னார் என்பது மரபு. ஒருவரிடமே இருந்த யோகம் தொலைந்தது. ஊரறியச் சொன்னது நிலைத்தது.