சின்ன லைட்டுதானேன்னு நினைக்காதீங்க... லேசர் பாயின்டர் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

திருவிழாக் கடை, பஸ் ஸ்டாண்ட் பிளாட்பாரம், ஆன்லைன் ஆஃபர் என லேசர் லைட் இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. பட்டனை அழுத்தினால் எதிர் வீட்டு மொட்டை மாடி வரைக்கும் பச்சைப் புள்ளி போய் விழும். பிள்ளைகள் அடம்பிடித்தால் நாமும் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். ஆனா, அந்த லைட்டின் சக்தி எவ்வளவு என்று யாராவது பார்க்கிறோமா? பார்க்காமல் விட்டால் என்ன ஆகும், வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

9 வயது சிறுவனுக்கு நடந்தது என்ன?

கிரீஸ் நாட்டைச் சேர்ந்த 9 வயது சிறுவன் ஒருவன், விளையாட்டாக பச்சை லேசர் பாயின்டரின் ஒளியைத் திரும்பத் திரும்ப நேராகப் பார்த்திருக்கிறான். இடது கண்ணில் பார்வை மங்கியது. டாக்டர்கள் பரிசோதித்தபோது, விழித்திரையின் மையப் பகுதியான மாக்குலாவில் பெரிய ஓட்டையே விழுந்திருந்தது. அருகில் தீக்காயங்களும் இருந்தன. ஒன்றரை ஆண்டு கழித்தும் அந்தக் கண்ணின் பார்வை மேம்படவில்லை. 2018ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' மருத்துவ இதழில் இந்தச் சம்பவம் வெளியானது.

டார்ச் லைட்டுக்கும் லேசருக்கும் என்ன வித்தியாசம்?

டார்ச் வெளிச்சம் தூரம் போகப் போகப் பரவி, பலம் குறைந்துவிடும். லேசர் அப்படிப் பரவாது. கிட்டத்தட்ட ஒரே கோடாகப் போகும். அது கண்ணுக்குள் நுழைந்ததும் கருவிழியும் லென்ஸும் சேர்ந்து அதை ஊசிமுனை அளவு புள்ளியாகக் குவித்துவிடும். இதனால் கண்ணில் படும் ஒளியின் செறிவு விழித்திரையில் சுமார் 1 லட்சம் மடங்கு வரை கூடலாம். பூதக்கண்ணாடியை வெயிலில் காட்டி காகிதத்தை எரிப்போமே, அதே கதைதான்.

இன்னொரு சிக்கல், விழித்திரைக்கு வலி தெரியாது. உள்ளே சுட்டாலும் 'ஆ' என்று கத்த மாட்டோம். பார்வையில் கறுப்புப் புள்ளி தெரிந்த பிறகுதான் விஷயமே புரியும்.

லேபிளில் இருக்கும் 'கிளாஸ்' எதைச் சொல்கிறது?

லேசரின் சக்தியை மில்லிவாட்டில் சொல்வார்கள். அதை வைத்து வகை பிரித்திருக்கிறார்கள்.

- கிளாஸ் 2 (1 மில்லிவாட் வரை): கூசும்போது நாம் கால் நொடிக்குள் கண்ணை மூடிவிடுவோம். அந்த அனிச்சைச் செயலே இதற்குப் போதுமான பாதுகாப்பு. வேண்டுமென்றே உற்றுப் பார்க்கக் கூடாது.
- கிளாஸ் 3ஆர் (1 முதல் 5 மில்லிவாட்): தற்செயலாகப் பட்டால் பாதிப்புக்கான வாய்ப்பு குறைவு. உற்றுப் பார்த்தால் ஆபத்து. அமெரிக்காவில் பாயின்டராக விற்க அனுமதிக்கப்பட்ட உச்ச அளவே 5 மில்லிவாட்தான்.
- கிளாஸ் 3பி (5 முதல் 500 மில்லிவாட்): நேராகப் பட்டாலும், கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்தாலும் கண்ணுக்குச் சேதம். இந்த வகையின் மேல்மட்டத்தில் இருப்பவை, நாம் கண்ணை மூடுவதற்குள் காயத்தை ஏற்படுத்திவிடும்.
- கிளாஸ் 4 (500 மில்லிவாட்டுக்கு மேல்): தோலைச் சுடும், தீப்பிடிக்க வைக்கும். சுவரில் விழும் புள்ளியைப் பக்கத்தில் நின்று பார்ப்பதே ஆபத்து.

தூரக் கணக்கையும் பாருங்க. 5 மில்லிவாட் லேசரால் கண்ணுக்கு ஆபத்து இருக்கும் தூரம் தோராயமாக 16 மீட்டர். அதுவே 1,000 மில்லிவாட் என்றால் சுமார் 225 மீட்டர். அதாவது, நம் தெருவைத் தாண்டி அடுத்த தெருவில் நிற்பவருக்கும் ஆபத்து.

லேபிளை அப்படியே நம்பலாமா?

இங்கேதான் பிரச்சினையே. அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 122 லேசர் பாயின்டர்களைச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டது. பச்சை லேசர்களில் சுமார் 90 சதவீதமும், சிவப்பு லேசர்களில் சுமார் 44 சதவீதமும் அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு இல்லை. '5 மில்லிவாட்' என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே அதைவிட அதிகம் இருக்கலாம் என்பதே இதன் அர்த்தம்.

பச்சைக்கு மட்டும் ஏன் இவ்வளவு? பல பச்சை லேசர்களுக்குள் முதலில் உருவாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அதைப் படிகங்கள் வழியாகச் செலுத்தித்தான் பச்சையாக மாற்றுகிறார்கள். மிச்சமாகும் அகச்சிவப்பைத் தடுக்க ஒரு ஃபில்டர் வேண்டும். மலிவுத் தயாரிப்புகளில் அது இல்லாமல் போனால், பச்சையோடு சேர்ந்து அகச்சிவப்பும் வெளியே வரும். அது கண்ணுக்கே தெரியாது என்பதால் கூசாது, கண்ணும் மூடாது.

வாங்கும்போது இதைக் கவனிங்க

1. என்ன தேவைக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். வகுப்பறைக்கும் ஆபீஸ் மீட்டிங்குக்கும் 1 மில்லிவாட்டே தாராளம்.
2. பளிச்சென்று தெரிய அதிக சக்தி தேவையில்லை. நம் கண்ணுக்குப் பச்சை நிறம்தான் நன்றாகத் தெரியும். அதே சக்தியில் சிவப்பைவிட பச்சை பல மடங்கு பிரகாசமாகத் தெரியும்.
3. கிளாஸ், மில்லிவாட், அலைநீளம் ஆகிய மூன்றும், தயாரிப்பாளர் பெயரும் லேபிளில் இருக்க வேண்டும். எதுவுமே இல்லையென்றால் வாங்காதீர்கள்.
4. 'தீக்குச்சி கொளுத்தும்', 'பலூன் வெடிக்கும்', 'பல கிலோமீட்டர் போகும்' என்று விளம்பரம் வந்தால் ஒதுங்கிவிடுங்கள். அது பாயின்டரே கிடையாது.
5. பேனா சைஸ் பாயின்டருக்குச் சின்ன பேட்டரியே போதும். தடிமனான ரீசார்ஜ் லித்தியம் பேட்டரி போடும் மாடல் என்றால் சந்தேகப்படுங்கள்.
6. ஆராய்ச்சி, தொழில் என்று சக்திவாய்ந்த லேசர் கட்டாயம் வேண்டுமென்றால், அதன் அலைநீளத்துக்கு ஏற்ற பாதுகாப்புக் கண்ணாடியும் சேர்த்து வாங்க வேண்டும். பச்சை லேசருக்கான கண்ணாடி சிவப்பு லேசரைத் தடுக்காமல் போகலாம். கூலிங் கிளாஸ் எதற்கும் உதவாது.
7. குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருளாக லேசர் பாயின்டர் வேண்டவே வேண்டாம்.

வானத்தை நோக்கி அடித்தால் என்ன ஆகும்?

லேசர் கற்றை தூரத்தில் கொஞ்சம் விரியத்தான் செய்யும். 3 கிலோமீட்டர் உயரத்தில் அது சுமார் 3 மீட்டர் அகலத்துக்குப் பரவி, விமானியின் அறை முழுவதையும் பளீரென்று நிறைத்துவிடும். தரையிறங்கும் நேரத்தில் விமானிக்குச் சில நொடிகள் கண் தெரியாமல் போனாலே விபரீதம். அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டில் மட்டும் இப்படி 13,304 புகார்கள் பதிவாகின. சென்னையிலும் 2025ஆம் ஆண்டில் தரையிறங்க வந்த விமானங்கள் மீது லேசர் பாய்ச்சிய சம்பவங்கள் நடந்து, போலீசார் எச்சரிக்கை விடுத்தனர்.

கண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்வது?

உடனே முகத்தைத் திருப்புங்கள். கண்ணைக் கசக்காதீர்கள். கசக்கினால் கருவிழியில் கீறல் விழுந்து, அந்த எரிச்சலையே லேசர் காயம் என்று குழம்பிவிடுவோம். கூசிய பிறகு தெரியும் நிழல் சில நிமிடங்களில் மறைந்துவிட்டால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை.

மறையவில்லையா? கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணால் பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். கோடுகள் வளைந்து தெரிந்தாலோ, நடுவில் கறுப்புப் புள்ளி இருந்தாலோ, எழுத்து மங்கினாலோ தாமதிக்காமல் கண் டாக்டரிடம் போங்கள். ஓசிடி ஸ்கேனில் விழித்திரைக் காயம் தெரிந்துவிடும். எந்த லேசர் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும் என்பதால் அந்த லைட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சில காயங்கள் தானாக ஓரளவு ஆறும். ஆனால் கருகிப்போன விழித்திரையைப் பழையபடி மாற்றித் தரும் சிகிச்சை இல்லை.

பிள்ளைகளுக்கு அடி விழும் என்ற பயம் இருந்தால் விஷயத்தை மறைத்துவிடுவார்கள். அதனால், 'கண்ணில் பட்டா உடனே சொல்லு, திட்ட மாட்டேன்' என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வீட்டில் ஏற்கெனவே லேபிள் இல்லாத லேசர் லைட் கிடக்கிறதா? இன்றைக்கே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.