பன்றி உள்ளூர், மிளகாய் வெளியூர்

தவளக்குப்பத்தில் இப்போது இருக்கும் வீட்டுக்குக் குடிவந்தபோது வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "கறி, மீனு எல்லாம் ஆக்கிக்கங்க தம்பி, நாங்களும் சாப்புடுறவங்கதான். அது மட்டும் வேணாம்." எது என்று நான் கேட்கவில்லை, அவரும் பெயர் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அதெல்லாம் வெள்ளக்காரன் கொண்டாந்த பழக்கம்" என்று பேச்சை முடித்தார். நான் தலையாட்டிவிட்டு முன்பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. புதுச்சேரியில் எதைக் காட்டி "வெள்ளைக்காரன் கொண்டுவந்தது" என்று சொன்னாலும் நம்புவதற்கு ஆள் உண்டு. காரமான பன்றிக்கறிக் குழம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் எது இங்கேயே இருந்தது, எது கப்பலில் வந்தது என்று பிரித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. அப்படிச் சேர்த்த குறிப்புகள் இவை. கடைசியில் செய்முறையும் இருக்கிறது. அவசரக்காரர்கள் நேராக அங்கே போய்விடலாம்.

நெல்மாவு தின்ற பன்றி

முதலில் பன்றி. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினார். பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பரிசு வாங்கிவந்த பாணன் ஒருவன், வறுமையில் இருக்கும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதுதான் ஆற்றுப்படை. எந்த ஊர் வழியாகப் போனால் யார் என்ன சாப்பாடு போடுவார்கள் என்ற தகவல் அதில் நிறைய உண்டு. சங்ககாலத்து உணவு வழிகாட்டி என்றே சொல்லலாம்.

அதில் கடற்கரைப் பட்டினம் ஒன்று வருகிறது. அங்கே கள் காய்ச்சும் பெண்கள் பாத்திரம் கழுவிக் கொட்டிய நீர் சேறாகிக் கிடக்கிறது. அந்தச் சேற்றில் பன்றிக்குட்டிகள் புரள்கின்றன. ஓர் ஆண்பன்றியை மட்டும் பெண்பன்றிகளோடு சேரவிடாமல் தனியே குழியில் நிறுத்தி, பல நாள் நெல்மாவு ஊட்டி வளர்க்கிறார்கள். அதன் கொழுத்த கறியும் கள்ளும் உனக்குக் கிடைக்கும் என்று பாணன் ஆசை காட்டுகிறான்.

இது காட்டில் அடித்து வந்த வேட்டைக் கறி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இனச்சேர்க்கையைத் தடுத்து, அலையவிடாமல் அடைத்து, தானியம் போட்டுக் கொழுக்க வைத்த வீட்டு விலங்கு அது. இன்றைய பன்றிப் பண்ணையில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். 1,500 ஆண்டுகளுக்கும் முன்னால், நம்ம தொண்டை நாட்டுக் கடற்கரையிலேயே அதைச் செய்திருக்கிறார்கள். செய்தவர்களைப் பற்றிப் புலவர் ஒரு வார்த்தை இழிவாகச் சொல்லவில்லை.

வேட்டைக்கும் சான்று இருக்கிறது. புறநானூறு 152-ஆம் பாட்டில் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துப் போகிறது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்துக்கு வந்தால் கண்ணப்ப நாயனார் நிற்கிறார். தான் கொன்ற பன்றியின் கறியைத் தீயில் வாட்டி, வாயில் போட்டு ருசி பார்த்து, நல்ல துண்டுகளாகப் பொறுக்கி இலையில் வைத்துக் காளத்தி நாதருக்குப் படைத்தவர் அவர். கோயிலுக்குப் போய் அவரைக் கும்பிடுகிறோம். அவர் படைத்தது எந்தக் கறி என்ற பேச்சு மட்டும் வருவதில்லை.

மிளகின் பெயரை எடுத்துக்கொண்ட காய்

அடுத்து மிளகாய். பெயரே கதையைச் சொல்லிவிடுகிறது: மிளகு போல உறைக்கும் காய். மிளகு ஏற்கெனவே இருந்த ஊரில், பின்னால் வந்த ஒன்றுக்குத்தான் இப்படி ஒட்டுப்பெயர் கிடைக்கும். மலையாளத்தில் இன்னும் வேடிக்கை. அங்கே மிளகாய்தான் 'முளகு'. பழைய மிளகு 'குருமுளகு', 'நல்லமுளகு' என்று அடைமொழி வைத்துக்கொண்டு ஒதுங்கிக்கொண்டது.

எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் கொஞ்ச நேரம் போனால் அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானிய நாட்டு மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அதே காலத்தில் மேற்குக் கரையில் யவனர் கப்பல்கள் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு 149 சொல்கிறது. அந்த மிளகில் ஒரு பகுதி ரோமாபுரியில் பன்றிக்கறி மேல் விழுந்தது. அபிசியஸ் என்ற பெயரில் நமக்குக் கிடைத்திருக்கும் ரோமானியச் சமையல் நூலில் பெரும்பாலான குறிப்புகளில் மிளகு உண்டு. பன்றி அவர்களுக்குப் பிடித்த கறி. ஆக, நம் பக்கத்துக் காரமும் பன்றியும் சேர்ந்த கதை கொலம்பசுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதில் மிளகாய்க்கு இடமே இல்லை.

மிளகாயின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். நாம் அதிகம் பயன்படுத்தும் வகையை மெக்சிகோ பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்தார்கள். 1492-இல் கொலம்பஸ் கிளம்பியதே நம் பக்கத்து மிளகைத் தேடித்தான். போன இடத்தில் மிளகு இல்லை, உறைக்கிற காய் இருந்தது. அதையும் அவர் மிளகின் பெயராலேயே அழைத்தார். பின்னால் போர்த்துக்கீசியர் மூலம் அது இங்கே வந்தபோது நாமும் அதையேதான் செய்தோம்.

அது புதிது என்ற நினைவு நம் வீடுகளிலும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல வீடுகளில் திவசச் சமையலுக்கு இன்றும் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகுதான். முன்னோர்களுக்குத் தெரியாத பொருளை அவர்கள் இலையில் எப்படி வைப்பது?

கண்ணாடியில் மெக்சிகோ

இங்கேதான் எனக்கு ஓர் ஆச்சரியம். அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் வேலைநாள் இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. பன்றியின் தோள்கறியை மிளகாயோடு மணிக்கணக்கில் சிறுதீயில் வேகவைத்து, நார்நாராகப் பிய்த்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். சோள ரொட்டியோடு நான்கு நாளைக்கு வரும். அந்தச் சட்டியில் மிளகாய்தான் மண்ணின் மைந்தன். பன்றி வந்தேறி. 1493-இல் கொலம்பசின் இரண்டாம் பயணத்துக்கு முன் அந்தக் கண்டத்தில் வீட்டுப்பன்றி கிடையாது. ஸ்பானியர்கள்தான் கொண்டுபோய் இறக்கினார்கள்.

நம்ம சட்டியில் இது அப்படியே தலைகீழ். பன்றி உள்ளூர், மிளகாய் வெளியூர். அங்கே இரண்டையும் தங்களுடையது என்று ஏற்றுக்கொண்டார்கள். இங்கே வந்த மிளகாயை நம்முடையது ஆக்கிக்கொண்டு, இருந்த பன்றியை வெள்ளைக்காரன் கணக்கில் எழுதிவிட்டோம்.

விந்தாலு வந்த வழி

வீட்டுக்காரர் சொன்னதில் கால்வாசி உண்மை உண்டு. வெள்ளைக்காரன் கொண்டுவந்தது ஒரு செய்முறை. போர்த்துக்கீசிய மாலுமிகள் கறியைத் திராட்சை மதுவிலும் பூண்டிலும் ஊறவைப்பார்கள், கெடாமல் இருப்பதற்காக. அதன் பெயர் 'வின்யா த'ஆல்யோஸ்'. கோவாவில் மதுவுக்குப் பதில் தென்னங்கள்ளில் எடுத்த வினிகர் வந்தது, மிளகாய் சேர்ந்தது, பெயர் 'விந்தாலு' ஆனது. கடைசியில் இருக்கும் 'ஆலு'வைப் பார்த்துச் சில உணவகங்களில் உருளைக்கிழங்கு போடுகிறார்கள். அது உருளைக்கிழங்கு 'ஆலு' இல்லை, பூண்டு.

புதுச்சேரிக்கு இது வந்து சேரச் சுற்றுவழி தேவைப்படவில்லை. 1674-இல் பிரான்சுவா மார்த்தேன் இங்கே வந்து அமர்ந்தது, போர்த்துக்கீசியர் உருவாக்கிய மயிலாப்பூர் சாந்தோமைப் பிரெஞ்சுக்காரர்கள் இழந்த அதே ஆண்டில்தான். போர்த்துக்கீசிய வழிவந்த கலப்பினக் கிறிஸ்தவர்களும் இந்த ஊரில் குடியேறினார்கள். இன்று புதுச்சேரி கிரியோல் வீடுகளில் செய்யும் குழம்பின் பெயர் 'விந்தாய்'. பிரெஞ்சுக் காதுக்கு அது 'பூண்டு ஒயின்' என்று கேட்டிருக்கும். மொரீசியசில் கடுகும் மஞ்சளும் வினிகரும் சேர்த்து மீனில் செய்யும் 'விந்தாயி'யும் இந்தக் குடும்பம்தான். லா பூர்தொனே அந்தத் தீவின் ஆளுநராக இருந்த 1735-க்குப் பிந்தைய ஆண்டுகளில் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை அங்கே வரவழைத்தார் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

ஆனால் புளிப்போடு பன்றிக்கொழுப்பைச் சேர்க்கப் போர்த்துக்கீசியர்தான் சொல்லித்தர வேண்டும் என்பதில்லை. குடகில் பந்திக்கறிக்குக் 'கச்சம்புளி' ஊற்றுகிறார்கள். இலங்கையில் கருப்புப் பன்றிக்கறிக்குக் 'கொறுக்காய்ப்புளி'. இரண்டுமே ஒரே இனத்து மரக்காய்களின் புளிப்பு. இரண்டிலும் மிளகு தாராளம்.

அப்புறம் ஏன் கருப்புக் கவர்?

கடையில் ஆட்டுக்கறி வாங்கினால் எந்தக் கவரிலும் போட்டுத் தருவார்கள். பன்றிக்கறி என்றால், "கருப்புக் கவர் போடட்டா சார்?" என்ற கேள்வி தானாக வரும். செய்தித்தாளில் ஒரு சுற்று, கருப்புக் கவர், அதன் மேல் இன்னொரு கவர்.

இஸ்லாமியர்களுக்கு இது மத விலக்கு, அது வேறு விஷயம். மற்றவர்களுடைய தயக்கத்துக்கு இரண்டு வேர்கள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒன்று, தெருவில் அலையும் பன்றி. ஊரின் கழிவைத் தின்று வாழ விடப்பட்ட விலங்கையும், அந்தக் கழிவை அள்ள வைக்கப்பட்ட மக்களையும் ஒரே பார்வையால் பார்த்துப் பழகியிருக்கிறோம். கறியின் மேல் இருக்கும் அருவருப்பு பெரும்பாலும் கறியைப் பற்றியது இல்லை. வளர்த்தவர் யார், தின்பவர் யார் என்பதைப் பற்றியது.

இன்னொன்று நோய் பயம். இது நியாயமானதுதான், ஆனால் பாதிதான் சரி. நன்றாக வேகாத பன்றிக்கறியால் நாடாப்புழு குடலுக்கு வரும். வலிப்பை உண்டாக்கும் மூளைக்கட்டியோ அப்படி வருவதில்லை. அது மனிதக் கழிவு கலந்த தண்ணீரிலும் கீரையிலும் கழுவாத கையிலும் ஒட்டியிருக்கும் அந்தப் புழுவின் முட்டையை விழுங்குவதால் வருகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இந்த நோயைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். சைவக்காரர்களுக்கும் அது வரும். பண்ணையில் வளர்த்த வெண்பன்றி, மூன்று மணி நேர வேக்காடு, ஊரில் ஒழுங்கான கழிப்பறை: பயத்துக்கு மருந்து இவைதான்.

செய்முறை

நான் இதை ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டில் செய்வேன். காரணம் முதல் பத்தியில் இருக்கிறது.

தோள்கறி ஒரு கிலோ, கொழுப்போடு, பெரிய துண்டுகளாக. தொடைக்கறி வேண்டாம், வறண்டுபோகும். நீட்டு மிளகாய் 12, பூண்டு இரண்டு முழுசு, சீரகம், கடுகு, மிளகு ஒவ்வொரு தேக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி. எல்லாவற்றையும் 100 மில்லி வினிகரில் ஊறவைத்து, மையாக அரைத்து, உப்பு சேர்த்துக் கறியில் பிசறி ராத்திரி முழுக்கப் பிரிட்ஜில் வையுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், வினிகர் அதை அரிக்கும்.

மறுநாள் மண்சட்டியில் அரை டம்ளர் தண்ணீர் விட்டு, மூடி, சிறுதீயில் மூன்று மணி நேரம். நடுவில் இரண்டு தடவை கிளறினால் போதும். தோள்கறியில் இணைப்புத்திசு அதிகம். அதிலிருக்கும் கொலாஜன் மெதுவான சூட்டில் கரைந்து கூழாக மாற நேரம் வேண்டும். அவசரப்படுத்தினால் ரப்பர், பொறுத்தால் பஞ்சு. நேரம் இல்லாதவர்கள் ஸ்டீல் குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 45 நிமிஷம் வைக்கலாம்.

வெந்ததும் இரண்டு முட்கரண்டியால் நார்நாராகப் பிய்த்து, அதே மசாலாவில் புரட்டி, டப்பாவில் அடைத்துப் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வினிகரும் உப்பும் இருப்பதால் மூன்று நான்கு நாள் தாராளமாகத் தாங்கும். ருசி இரண்டாம் நாள்தான் கூடும். மேலே உறைந்து நிற்கும் கொழுப்பில் ஒரு கரண்டி எடுத்து இரும்புச்சட்டியில் உருக்கி, வெங்காயம் கறிவேப்பிலை தாளித்து, வேண்டிய கறியைப் போட்டு நன்றாகச் சூடு ஏறும்வரை வதக்கினால் சாப்பாடு தயார். திங்கட்கிழமை ரசம் சோறு, செவ்வாய் தோசை, புதன் பிரெஞ்சு ரொட்டிக்குள்ளே. வேலை முடிந்து வந்து பத்து நிமிஷம்.

போன மாதம் வாடகை கொடுக்கப் போனபோது வீட்டுக்காரரிடம் பெரும்பாணாற்றுப்படைக் கதையைச் சொன்னேன். நெல்மாவு, குழி, கள். கடைசியாக, "மொளகாதான் சார் வெளிநாடு, பன்னி நம்மூரு" என்றேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தெருப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்க ஆயா வளத்தாங்க தம்பி. ரெண்டு பன்னி வித்துதான் எங்கப்பாவ படிக்க வச்சாங்க" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்கும் இது புதுச்செய்தி என்று முகத்திலேயே தெரிந்தது.

இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. பேரு போடாதீங்க" என்றார். படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "ஆக்கிக்கங்க தம்பி. பக்கத்து வீட்டுக்கு மட்டும் வாசன போவாம பாத்துக்கங்க."